வீட்டுக் கார் வேலைக்கு எந்த டார்க் ரெஞ்சு: முள் வகையா, கிளிக் வகையா, டிஜிட்டலா?

பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலைப்பாதையின் அடிவாரத்தில் என் காரின் பின்சக்கரம் பஞ்சரானபோது, ஸ்டெப்னியும் ஜாக்கியும் கையில் இருந்தும் சக்கரத்தைக் கழற்ற முடியவில்லை. முந்தைய வாரம் டயர் மாற்றிய கடையில் ஏர் கன் வைத்து நட்டுகளை அவ்வளவு இறுக்கியிருந்தார்கள். எல் ஸ்பானரின் மேல் ஏறி நின்றும் ஒன்றுகூட அசையவில்லை. அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் நீண்ட இரும்புக் குழாயை ஸ்பானரில் செருகித் தளர்த்திக் கொடுத்தார். அப்போதும் நட்டு மாட்டும் மரைத்தண்டான ஸ்டட் ஒன்று முறிந்துவிட்டது. இனிமேல் சக்கர நட்டுகளின் கடைசி இறுக்கத்தை நானே செய்வது என்று முடிவெடுத்து, நட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில், ஐயாயிரம் ரூபாய் வரம்புக்குள் எந்த வகை பொருந்தும் என்று பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் வேலைகளின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் ஓடும் சிறு கார்கள் பலவற்றில் சக்கர நட்டுக்கு 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்குவிசை கேட்கப்படுகிறது. எஞ்சின் ஆயில் வடிக்கும் போல்டுக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 வரையும், ஸ்பார்க் பிளக்குக்கு அதன் மரை அளவைப் பொறுத்து 10 முதல் 30 வரையும் போதும். சரியான எண்ணை அந்தந்தக் காரின் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது அலகையும் பார்ப்பது அவசியம்: பழைய கையேடுகளில் கிலோகிராம் மீட்டர் என்று இருந்தால் 9.8 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்; ரெஞ்சின் மறுபக்கத்திலுள்ள அடி-பவுண்டு அளவில் 85 வைத்துவிட்டால், உண்மையில் இறுகுவது 115 நியூட்டன் மீட்டராகும்.

முள் வகையில் கெட்டுப்போகப் பெரிதாக எதுவும் இல்லை. கைப்பிடியை இழுக்கும்போது தண்டு வளைகிறது, முள் வளையாமல் நிற்கிறது, அளவுப்பலகை முள்ளுக்குக் கீழே நகர்கிறது. சுருள்வில் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் அளவு மாறுவதில்லை. முள் பூஜ்யத்திலிருந்து விலகியிருந்தால் மெதுவாக வளைத்துச் சரியாக்கிக்கொள்ளலாம். குறை, பார்க்கும் கண்ணில் இருக்கிறது. முள்ளுக்கு நேர் மேலிருந்து பார்த்தால்தான் எண் சரியாகத் தெரியும். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஆயில் போல்டை முறுக்குபவருக்கு அது எளிதன்று.

கிளிக் வகையில் கைப்பிடியைத் திருகி வேண்டிய எண்ணை வைத்துவிட்டால், அந்த அளவை எட்டியதும் ஒரு தட்டல் கையில் தெரியும், கண் தேவையில்லை. நான்கு சக்கரங்களையும் அடுத்தடுத்து இறுக்குவதற்கு இதைவிட வசதியான கருவி இல்லை. டார்க் ரெஞ்சுகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 6789, 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட கிளிக் ரெஞ்சுகளுக்கு 4 சதவீத விலகலை அனுமதிக்கிறது. மலிவான கருவிகளின் பெட்டியிலும் இந்த எண்ணே அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைவிட நான் முக்கியமாகக் கருதுவது வீச்சைத்தான். இத்தரநிலைப்படி சோதனை உச்ச அளவின் 20 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே 28 முதல் 210 வரை என்று எழுதப்பட்ட, சாக்கெட் மாட்டும் சதுர முனை அரை அங்குலம் உள்ள ரெஞ்சை 42-க்குக் கீழே நம்ப இயலாது. அது சக்கரத்துக்கு உரியது, எஞ்சினுக்கு அடியிலுள்ள அலுமினிய ஆயில் தொட்டியில் (சம்ப்) மாட்டும் ஆயில் போல்டுக்கு உரியதன்று. அலுமினியத்தில் மரை போனால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

சுருள்வில் இருப்பதால் இதற்குப் பராமரிப்பும் வேண்டும். வேலை முடிந்ததும் மிகக் குறைந்த குறிக்கு இறக்கி வைக்க வேண்டும். நட்டைக் கழற்றும் பாராகப் பயன்படுத்தக் கூடாது. தட்டல் கேட்டபின் இன்னொரு முறை இழுக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5000 இழுப்புகளுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறார்கள். கோவையில் தொழிற்சாலைகளுக்காக அந்த வேலையைச் செய்யும் ஆய்வகங்கள் உண்டு என்றாலும், வீட்டுக் கருவியை நாமே சோதித்துவிடலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் கிடைமட்டமாகப் பிடித்து, முனையின் மையத்திலிருந்து சரியாக 40 சென்டிமீட்டர் தள்ளிக் கைப்பிடியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் கேனைத் தராசில் வைத்து 20 கிலோவுக்குச் சரிசெய்துகொண்டாலே போதும். அது 78.4 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடை ஏறத்தாழ 2 சேர்க்கும். 76-இல் வைத்தால் தட்டல் விழ வேண்டும், 86-இல் விழக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டிஜிட்டல் ரெஞ்சு முழுதாக வாங்கினால் ஐயாயிரம் ரூபாய் வரம்பைத் தாண்டிவிடும். ஏற்கெனவே உள்ள சாக்கெட் பாருக்கும் சாக்கெட்டுக்கும் இடையே மாட்டும் சிறு டிஜிட்டல் இணைப்பு மட்டுமே வரம்புக்குள் வருகிறது. எண்ணும் ஒலியும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் எடுக்கும் கருவியில், தேவையான நாளில் பேட்டரி தீர்ந்திருப்பதை நான் விரும்பவில்லை.

எந்தக் கருவியானாலும் மரை உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே செலவாகிறது. மழைக்காலத் துருவுக்கு அஞ்சி ஸ்டட்டில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து, ரெஞ்சு அதே எண்ணைக் காட்டும்போதே ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

ஆகவே நான் வாங்கியவை இரண்டு: சக்கரத்துக்கு அரை அங்குலக் கிளிக் ரெஞ்சு, ஆயில் போல்டுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் 3/8 அங்குல முள் ரெஞ்சு. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்பவர் முதலில் கிளிக்கை வாங்கட்டும், ஏனெனில் வீட்டில் அடிக்கடி கழற்றப்படுவது சக்கரம்தான். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடுபவர்கள், முள் நேராக நிற்கும் பழைய முள் ரெஞ்சு கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். பழைய கிளிக் ரெஞ்சின் சுருள்வில் எத்தனை ஆண்டு இறுகிய நிலையில் கிடந்தது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், அதை மட்டும் புதிதாகவே வாங்க வேண்டும்.