இலக்கணப் பயிற்சியா, கதையா, விவாதமா? ஆங்கிலம் பேச எனக்குக் கைகொடுத்தது எது

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவனாக இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலத்தில் மெயில் எழுத எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. பழைய மெயிலைப் பார்த்து, இரண்டு முறை திருத்தி அனுப்பிவிடலாம். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் போனில் கூப்பிட்டு "வாட் ஹேப்பண்ட்?" என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஆர்டரில் ஷேட், அதாவது துணியின் நிறம், மாறிவிட்டது. பையர் ஒப்புதல் கொடுத்த லேப் டிப் (சாயமேற்றிய மாதிரித் துண்டு) ஒரு நிறம், சாயமேறி வந்த துணி வேறு நிறம். என்ன நடந்தது, யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று எனக்கு அத்தனையும் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியதும் முன்னும் பின்னும் குழம்பி, தவறு முழுக்க எங்களுடையது என்று அந்தப் பக்கம் முடிவு கட்டும் அளவுக்குப் போய்விட்டது. பக்கத்து இருக்கையிலிருந்த சீனியர் அக்கா போனை வாங்கி இரண்டே நிமிடத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். அவர் பேசியதில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அதற்கப்புறம் மூன்று வழிகளிலும் பயிற்சி எடுத்தேன். இலக்கணப் புத்தகத்தோடு சுமார் எட்டு மாதம், ஒரு விவாதக் குழுவில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், கதை சொல்லுதலில் ஏறக்குறைய இரண்டு வருடம். இன்றும் விடாமல் செய்வது கதை சொல்லுதலைத்தான். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இலக்கணப் பயிற்சியின் நன்மைகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தனியாகச் செய்யலாம், செலவு குறைவு, விடை பின்பக்கத்தில் இருக்கும். பள்ளியில் ரென் அண்ட் மார்ட்டின் படித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கனவே உண்டு. நான் எடுத்துக்கொண்டது ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்'. மொத்தம் 145 பாடங்கள். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. தினமும் ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டால் மனதுக்கு நிறைவாக இருக்கும். கோடிட்ட இடங்களை நிரப்புவதில் எனக்குப் பெரும்பாலும் தவறே வரவில்லை.

சிக்கலும் அங்கேதான். புத்தகத்தில் கோடு போட்ட இடமே 'இங்கே வினைச்சொல் வரவேண்டும், அதன் காலத்தைக் கவனி' என்று சொல்லிவிடுகிறது. பேசும்போது அந்தக் கோட்டை யாரும் போட்டுத் தருவதில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகும் போனில் அதே தடுமாற்றம்தான். ஒரே வித்தியாசம், தவறு செய்த அரை நொடியில் 'ஐயோ, தப்பு' என்று தெரிந்துவிடும். அதனால் பேச்சு இன்னும் அதிகமாக நின்றது.

விவாதத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் என்பது ரொம்பக் குறைவு, அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவனும் நான்தான். வருடக்கணக்கில் விவாதித்தவர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

கல்லூரி அளவில் பரவலாக இருப்பது பிரிட்டிஷ் பார்லிமெண்டரி முறை. நான்கு அணிகள், அணிக்கு இரண்டு பேர், தலைப்பு தெரிந்த பிறகு தயாராக 15 நிமிடம், ஆளுக்கு 7 நிமிடம் பேச்சு. நடுவில் எதிரணிக்காரர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி 2014-ல் சென்னையில் இந்த முறையில்தான் நடந்தது. அந்தப் போட்டியில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பேசுபவர்களுக்குத் தனியே இறுதிச்சுற்றும் உண்டு. எங்கள் குழுவில் இதையே சுருக்கி, ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்திருந்தார்கள்.

விவாதத்தில் எனக்குக் கிடைத்தது, காது கொடுத்துக் கேட்கும் பழக்கம். அடுத்தவர் சொன்னதைப் பிடிக்காமல் பதில் சொல்லவே முடியாது. மனம் நோகாமல் மறுப்பது, 'நீங்கள் சொல்வது இதுதானே?' என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்வது, இவையும் அங்கே கற்றவைதான். பையரிடம் விலை பேசும்போது இன்றும் உதவுகின்றன.

ஆனால் மூன்றாவது வாரமே ஒன்றைக் கவனித்தேன். நான் பேசிய மூன்று நிமிடத்தில் இறந்தகால வினை அநேகமாக வரவே இல்லை. 'இது சரி', 'இது கூடாது', 'அரசு இதைச் செய்ய வேண்டும்' என்று எல்லாமே நிகழ்காலம், இல்லாவிட்டால் 'ஷுட்', 'மஸ்ட்'. 'ஐ ஸ்ட்ராங்லி பிலீவ்' போன்ற நான்கைந்து தயார் வாக்கியங்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிட முடிந்தது. நான் திணறியதோ நடந்ததைச் சொல்வதில். போதாக்குறைக்குத் தலைப்பைப் பற்றிய அறிவும் வேண்டும். கிரிப்டோகரன்சியைத் தடை செய்யலாமா என்ற தலைப்பில் தமிழில் கேட்டிருந்தாலும் என்னிடம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

நம் ஊர்ப் பட்டிமன்றத்தை நினைத்துப் பாருங்கள். கைதட்டல் எப்போது வருகிறது? பேச்சாளர் வாதத்தை நிறுத்திவிட்டு, 'போன வாரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்...' என்று ஒரு சம்பவத்தைச் சொல்லும்போதுதான். கதை சொல்லத் தெரிந்தவரிடம் வாதம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதை என்று நான் சொல்வது பாட்டி கதையையோ சிறுகதையையோ அல்ல. நமக்கு நடந்த ஒன்றை, கேட்பவருக்குப் புரியும்படி ஆரம்பம் முதல் கடைசி வரை சொல்வது. தமிழ்க்காரர்கள் ஆங்கிலத்தில் எங்கெல்லாம் சறுக்குகிறோமோ, அந்த இடங்கள் ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கதை தொட்டுவிடுகிறது.

'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்பது நமக்கு இயல்பான வாக்கியம். அந்தப் 'போயிருந்தேன்' அப்படியே 'ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே' ஆகிவிடும். ஆங்கிலக்காரருக்கு அங்கே 'வெண்ட்' போதும். 'ஹேட்' போட்டால், நடந்துமுடிந்த இன்னொன்றுக்கு முன்னால் இது நடந்தது என்று பொருள். அந்த இன்னொன்று எது என்று அவர் காத்திருப்பார். அப்புறம் நம் வினையெச்சம். 'போய், பார்த்து, பேசி, வாங்கி வந்தேன்' என்றால் காலம் காட்டும் வேலையைக் கடைசி வினை ஒன்றே செய்துவிடும். ஆங்கிலத்தில் போனது, பார்த்தது, பேசியது, வாங்கியது என்று ஒவ்வொன்றும் தனித்தனியே இறந்தகாலத்தில் நிற்க வேண்டும். அம்மாவைப் பற்றி 'அவங்க' என்று பேசிப் பழகியதால் 'மை மதர்' என்று தொடங்கி 'தே' என்று தொடர்வதும் நமக்கே உரிய சறுக்கல்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, பிறர் சொன்னதைச் சொல்வது. அன்றைக்கு போனில் நடந்த குழப்பத்தின் வேர் இதுதான். சாயமேற்றும் வேலையைக் கவனிக்கும் டையிங் மாஸ்டர் 'திங்கட்கிழமை தருகிறேன்' என்று சொன்னார். தமிழில் 'தருகிறேன் என்று சொன்னார்' என்றால் தருவது அவர்தான் என்று யாருக்கும் புரியும். நான் அதை அப்படியே ஆங்கிலமாக்கி 'மாஸ்டர் டோல்ட் ஐ வில் கிவ் ஆன் மண்டே' என்றேன். பையர் காதில் விழுந்தது, நானே திங்கட்கிழமை தருவதாக வாக்குக் கொடுத்ததாக. 'ஹி செட் ஹி வுட் கிவ் இட்' என்று மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பள்ளியில் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

இதை வாயில் வரவைத்தது எது என்று கேட்டால், ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கதையைத் தேர்ந்தெடுத்தேன்.

யோசித்துப் பாருங்கள். நிரப்பிய பயிற்சியை மறுபடி நிரப்பினால் விடைதான் மனப்பாடமாகும். பேசிய விவாதத்தை அப்படியே மறுபடி பேச முடியாது, எதிரணி மாறும், கேள்வி மாறும். கதை ஒன்றுதான் பத்து முறை சொன்னாலும் தேயாமல் இருக்கிறது. வாழ்க்கையிலேயே நாம் அப்படித்தான் செய்கிறோம். சாலையில் ஒரு விபத்தைப் பார்த்தால் வீட்டில் சொல்கிறோம், அலுவலகத்தில் சொல்கிறோம், ஊருக்கு போன் போட்டும் சொல்கிறோம். மூன்றாவது முறை சொல்லும்போது முதல் முறையைவிட நன்றாக வருகிறது. என்ன சொல்வது என்ற யோசனை தீர்ந்துவிடுவதால், எப்படிச் சொல்வது என்பதில் மனம் போகிறது.

ஆங்கிலம் கற்பிப்பவர்கள் இதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். நான்கு, மூன்று, இரண்டு என்று பெயர். ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடத்தில் சொல்ல வேண்டும், அடுத்து வேறொருவரிடம் மூன்று நிமிடத்தில், பிறகு இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்தில். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பால் நேஷன் 1989-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கேட்பவர் மாறுவதால் சொல்பவருக்குச் சலிப்பு வராது. நேரம் குறைவதால் தயங்கி நிற்க இடமிருக்காது.

எனக்கு ஒரே நாளில் மூன்று பேர் கிடைக்கவில்லை. ஆகவே போனில் பதிவு செய்தேன். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் நான்கு நிமிடம், மதியம் மூன்று, இரவில் இரண்டு. முதல் கதை அந்த ஷேட் மாறிய கதைதான். முதல் பதிவைக் கேட்டபோது ஒன்பது இடத்தில் 'ஹேட்' போட்டிருந்தேன், தேவைப்பட்டவை இரண்டு. மறுநாளும் அதே கதை. நான்காவது நாள் 'மாஸ்டர் செட் ஹி வுட்' என்பது யோசிக்காமல் வந்தது. வாரம் முடிவதற்குள் கதையே சுருங்கி, தேவையில்லாத பாதி உதிர்ந்துவிட்டது. அப்படி ஒரு பத்துக் கதை சேர்ந்த பிறகு, புதிய கதையை முதல் முறை சொல்லும்போதே வினைகள் ஓரளவு சரியாக விழத் தொடங்கின.

தொடர்ந்து செய்வதற்கும் இதுதான் சுலபம். ஆள் சேர்க்க வேண்டாம், தலைப்புத் தேட வேண்டாம். ஆயத்த ஆடைத் தொழிலில் தினமும் ஏதாவது ஒன்று நடக்காமல் இருக்காது.

இதில் குறையும் உண்டு. தவறோடு திரும்பத் திரும்பச் சொன்னால் தவறும் படிந்துவிடும். அதனால் இரண்டாவது, மூன்றாவது பதிவுகளுக்கு இடையில் மர்ஃபி புத்தகத்தைத் திறக்கிறேன். பாடம் வரிசையாக அல்ல, பதிவில் கேட்ட தவறுக்கு உரிய பக்கத்தை மட்டும். இப்படிப் பார்க்கும்போது அந்தப் புத்தகம் எனக்கு முன்பைவிட அதிகம் பயன்படுகிறது. இன்னொரு குறை, கதை ஒருவழிப் பாதை. நடுவில் யாராவது குறுக்கிட்டுக் கேட்டால் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறேன். அதற்கு விவாதம்தான் சரியான பயிற்சி. கேட்பதற்கு ஆள் வேண்டுமென்றால் மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்களைப் பார்க்கலாம். முன்கூட்டித் தெரியாத தலைப்பில் ஓரிரு நிமிடம் பேசும் பகுதி அங்கே உண்டு. மொழித் தவறுகளைக் குறித்துச் சொல்லவும் ஒருவர் இருப்பார். நான் விருந்தினராக இரண்டு முறை போனதோடு சரி.

தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கணக்கை வேறு மாதிரி போட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். அதில் பெரும்பாலும் நம் அனுபவத்தைத்தான் கேட்பார்கள், அதாவது கதை. மூன்றாம் பகுதி கருத்துப் பரிமாற்றம், அங்கே விவாதப் பழக்கம் கைகொடுக்கும். மதிப்பெண்ணில் இலக்கணம் நான்கில் ஒரு பங்கு. வளாகத் தேர்வில் குரூப் டிஸ்கஷன் இன்னும் ஒரு மாதத்தில் இருக்கிறது என்றால், யோசிக்காமல் விவாதக் குழுவில் சேருங்கள். குழந்தைகளுக்கு எது நல்லது என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

இப்போது அலுவலகத்தில் எங்கள் மூன்று பேருக்கு ஒரு சின்னக் குழு இருக்கிறது. சனிக்கிழமை டீ நேரத்தில் ஆளுக்கு ஒரு கதை. அந்த ஷேட் மாறிய கதையை அவர்களும் பல முறை கேட்டுவிட்டார்கள். வரும் சனிக்கிழமை அதையே டையிங் மாஸ்டர் சொல்வதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார் சீனியர் அக்கா. நான் 'ஹி' என்று சொல்லி வந்த இடமெல்லாம் 'ஐ' ஆக வேண்டும், 'ஐ' எல்லாம் 'ஹி' ஆக வேண்டும். நேற்றிரவு ஒருமுறை பதிவு செய்து பார்த்தேன், நான்கு நிமிடத்தைத் தாண்டிவிட்டது.