‘விசா எங்க பொறுப்பு’ என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

நெதர்லாந்தில் விவசாயம் படிக்க அனுப்புகிறோம் என்று ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆள் சேர்க்கும் ஒரு கோவை ஏஜென்சியிடம் எங்கள் குடும்பம் 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயை இழந்திருக்கிறது. தம்பிக்கு ஒரு வருடப் படிப்பும் போயிற்று. இப்போது மறுபடியும் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஹாலில் கூட்டம் போடுகிறார்கள் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

தம்பி பி.எஸ்ஸி. தோட்டக்கலை முடித்தவன். அப்பா நஞ்சநாடு பக்கம் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறார். உருளையின் வேரைத் தின்னும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. முத்தோரை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, குஃப்ரி சுவர்ணா மாதிரி எதிர்ப்பு ரகங்களும் வந்தன. ஆனாலும் புழு மண்ணை விட்டுப் போகவில்லை. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன், நூற்புழுவைப் பற்றித்தான் மேலே படிப்பேன் என்றான். பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே தனியாக முதுநிலைப் படிப்பு உண்டு. அதைக் கேட்டுத்தான் அவர்களிடம் போனான்.

‘அதெல்லாம் கிடைக்காது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். விதைக்கிழங்கு ஏற்றுமதியில் உலகத்திலேயே முதல் நாடு நெதர்லாந்துதான், அங்கே போ என்றார்கள். இது உண்மை. உண்மையைச் சொல்லித்தான் அவனை இழுத்தார்கள். அப்புறம் வந்ததெல்லாம் பொய். வாரம் 40 மணி நேரம் பண்ணை வேலை, சம்பளத்திலேயே ஃபீஸ் கழிந்துவிடும் என்றார்கள். ‘பையன் எறங்குன மாசமே சம்பளம் வந்துருங்கண்ணா’ என்று அப்பாவிடம் அந்த மேனேஜர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அப்பா அந்த வருடப் பூண்டு விற்ற பணத்தையும் அம்மாவின் நகைக்கடன் பணத்தையும் கட்டினார்.

உண்மை நிலவரம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் மாணவர் நெதர்லாந்தில் வாரம் 16 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இல்லையென்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் முழுநேரம். அதற்கும் வேலை கொடுப்பவர் முதலில் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். செலவுக்கு மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் கையில் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டவும் வேண்டும். ‘சம்பாதித்துக் கட்டிக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று இருக்கிறது. நெதர்லாந்துக்குப் படிக்கப் போகிற மாணவருக்காக நுழைவு விசாவுக்கும் தங்கும் அனுமதிக்கும் விண்ணப்பிப்பது அவரைச் சேர்த்துக்கொண்ட கல்வி நிறுவனம். அந்த நாட்டுக் குடியேற்றத் துறையான ஐ.என்.டி.யிடம் அதுதான் மனு கொடுக்கும், முடிவும் அதற்குத்தான் வரும். அனுமதி வந்தபிறகு பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக்கொள்வது மட்டும்தான் மாணவர் இங்கே செய்வது. நடுவில் ஏஜென்ட் ‘வாங்கித் தர’ எதுவுமே இல்லை. எந்தெந்த நிறுவனங்களுக்கு இப்படி மனு செய்யும் உரிமை உண்டு என்ற பட்டியலை ஐ.என்.டி. தன் இணையதளத்தில் வெளிப்படையாக வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பெயரைப் போட்டுத் தேடலாம், காசு கிடையாது.

தம்பிக்கு வந்த சேர்க்கைக் கடிதத்தில் இருந்த ‘வேளாண் பயிற்சி நிறுவனம்’ அந்தப் பட்டியலில் இல்லை. இது தெரிவதற்குள் ‘தூதரகம் விசாவை மறுத்துவிட்டது’ என்று ஒரு கடிதத்தையும் நீட்டிவிட்டார்கள். மனுவே போகாத விசாவை யார் மறுப்பது? இதைக் கேட்டதும், ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்த ‘சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைக் காட்டினார்கள்.

பணத்தைவிட எனக்கு வயிற்றெரிச்சலாக இருப்பது வேறு. மார்க் ஷீட், டி.சி., பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் ‘எம்பசியில் இருக்கு’ என்றார்கள். அந்த நேரத்தில் இங்கே எம்.எஸ்ஸி. சேர்க்கை நடந்து முடிந்தது. ஒரிஜினல் இல்லாமல் அவனால் சேர முடியவில்லை. போலீசில் புகார் கொடுத்த பிறகுதான் ஒரு கவரில் போட்டு அனுப்பினார்கள், எல்லாம் அவர்கள் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. தனியார் யாரும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. ஸ்கேன் செய்த நகல் மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் இல்லாமல் நடக்காது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜெர்மனி என்று சொல்லியும் சிலரைப் பிடிக்கிறார்கள். அங்கே படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். நம் மார்க் ஷீட், டிகிரி எல்லாம் உண்மையானவைதான் என்று சரிபார்த்துக் கொடுக்கும் சான்றிதழ் அது. அதற்கு மாணவரே விண்ணப்பிக்கலாம். ‘எங்க வழியா போனா ஏ.பி.எஸ். வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்களுக்கு: ஏஜென்சி கோவையில் இருந்தாலும் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டி நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் ஆலோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. நாங்கள் வழக்குப் போட்டிருக்கிறோம். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் எங்களுக்கு இப்போது ஆதாரம். அவர்கள் ஒரு தனிநபர் கணக்குக்குப் பணம் போடச் சொன்னதும் அதில்தான் பதிவாகியிருக்கிறது. உங்களிடம் இருப்பதை எதையும் அழிக்காதீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த பிள்ளைகள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதை அவர்கள் அப்பா அம்மாவிடம் காட்டுங்கள்.