பிரேக் போட்டால் உதறும் ஸ்டியரிங்: டீசல் காரோடு பட்ட பாடு

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது பல கம்பெனிகள் சின்ன டீசல் எஞ்சின்களை நிறுத்திவிட்டன. என் கார் அந்த வரிசையில் போன ஒன்று. இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் அதற்குக் கிராக்கி குறையவில்லை. மச்சான் ஒருத்தன் இதே மாடலைப் பார்த்து வைத்துக்கொண்டு வாங்கலாமா என்று நச்சரிக்கிறான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

மைலேஜ், இழுவை, ஏசி எல்லாம் ஊரறிந்த விஷயம். தூத்துக்குடி–மதுரை நாலு வழிச்சாலையில் 90-ல் வைத்துப் போனால் லிட்டருக்கு 20-க்குக் குறைந்ததே இல்லை. ஐந்து பேரும் லக்கேஜுமாகக் கொடைக்கானல் ஏறினாலும் எஞ்சின் முனகாது. பெரிய செலவும் வைக்கவில்லை. எஞ்சினைப் பொறுத்தவரை இந்த விலைக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது என்று சத்தியமே செய்வேன்.

ஆனால் பிரேக்! எலியார்பத்தி டோல்கேட் கண்ணில் பட்டதும் 90-லிருந்து பிரேக்கை மெதுவாக அழுத்துவேன். உடனே ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கும். 60-க்குக் கீழே வந்தால் அடங்கிவிடும். டவுனுக்குள் ஓட்டினால் இப்படி ஒரு கோளாறு இருப்பதே தெரியாது. அதனால்தான் சர்வீஸில் ட்ரையல் பார்க்கிறவர் கேட்டைத் தாண்டி ஒரு சுற்று போய்விட்டு வந்து "ஒண்ணும் இல்லையே சார்" என்பார்.

அந்த வேகத்தில் மட்டும் ஏன்? 15 அங்குல ரிம் போட்ட சின்ன கார் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். 90-ல் போகும்போது அது நொடிக்கு 13 தடவை சுற்றுகிறது. பிரேக் போட்டால் பேட் என்ற கட்டைகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கிற, சக்கரத்தோடு சுற்றும் தட்டுதான் டிஸ்க். அதில் ஓர் இடம் மட்டும் சற்று தடிப்பாகவோ மெல்லியதாகவோ இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிரேக்கின் பிடி ஒருமுறை ஏறி இறங்கும். சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் இயல்பாக அதிரும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான் என்பதால், இரண்டும் சேர்ந்துகொண்டு உதறல் பெரிதாகிறது. வேகம் குறைந்தால் அந்தப் பொருத்தம் விட்டுப்போகிறது.

முதலில் சர்வீஸில் டிஸ்க் பெண்டு என்றார்கள். கழற்றி லேத்தில் கொடுத்துச் சீவி மாட்டினார்கள். அருமையாக இருந்தது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அதே உதறல். அடுத்து பேட் மாற்றம், வீல் பேலன்சிங், அலைன்மென்ட், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையிலுள்ள ரப்பர்) என்று பில் நீண்டது. புஷ் தேய்ந்துதான் இருந்தது, அதை மறுக்கவில்லை. தேய்ந்த புஷ்ஷும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் சின்ன அதிர்வைப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் பிரேக் போடும்போது மட்டும் வருகிற அதிர்வை அவை தாமாக உண்டாக்குவது அபூர்வம். எனக்கு ஆத்திரம் வந்தது செலவுக்காக அல்ல. இத்தனையும் செய்த யாரும் ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. கேட்டால், "கொடைக்கானல் இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்திருப்பீங்க" என்பார்கள். பத்தலக்குண்டு வரைக்கும் இரண்டாவது கியரை விட்டு மாறாமல் இறங்குகிற ஆளிடம்!

நியாயமாகச் சொன்னால் அவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. டிஸ்க் சுட்டுக் கிடக்கும்போது வண்டியை நிறுத்தி பிரேக்கை அழுத்தியபடியே இருந்தால், பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். அப்பிய இடத்தில் பிடி மாறும், அதுவும் உதறலாகத்தான் தெரியும். பெண்டு என்று சொல்லப்படும் டிஸ்க்குகளில் பல உண்மையில் வளைந்தவையே அல்ல. இப்படிப் பூச்சு ஏறியவையாகவோ, ஒரு பக்கம் தேய்ந்தவையாகவோ இருக்கும்.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். பிரேக்கைத் தொடாமலே 80, 100-ல் ஸ்டியரிங் ஆடினால் பேலன்சிங்கில் ஆரம்பியுங்கள். பிரேக் போட்டால் மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன் டிஸ்க். சீட்டும் பெடலும் அதிர்ந்து ஸ்டியரிங் சும்மா இருந்தால் பின் பக்கம். இதை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ஆளில்லாத நேரான சாலையில் 40-ல் போய், ஹேண்ட்பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சமாக இழுங்கள். அப்போதும் அதிர்ந்தால் பின் டிரம்மைப் பாருங்கள். ஈரச் சாலையில் இதை முயல வேண்டாம். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்கிற கம்பி (ஸ்லைடு பின்) இறுகியிருக்கலாம். அவசரமாக மிதிக்கும்போது பெடல் தடதடவென்றால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்வது, கோளாறு அல்ல.

கடைசியில் வழி காட்டியவர் ஊருக்குள்ளேயே சின்ன ஷெட் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டுகளாலேயே ஹப்போடு (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டுகிற நடுப்பகுதி) இறுக்கி, காந்த ஸ்டாண்டில் நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜை மாட்டி, ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை உள்ளே முள்ளை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினார். 0.12 மில்லிமீட்டர் ஆடியது. வழக்கமாக 0.05-க்குள் இருக்க வேண்டும். அதிகம் ஆடிய இடத்தில், டிஸ்க்கில் ஒரு கோடும் நேர் எதிரே ஹப்பின் போல்ட்டில் ஒரு கோடும் சாக்பீஸால் போட்டார். டிஸ்க்கைக் கழற்றி ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி சுற்றினார். டிஸ்க்கிலிருந்த கோடு நகர்ந்துவிட்டது. ஆட்டம் மட்டும் அதே போல்ட்டுக்கு நேராகத்தான் நின்றது. "டிஸ்க்கு மேல குத்தம் இல்ல தம்பி, ஹப்பப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். போல்ட்டுகளின் அடியில் துரு, சோற்றுப் பானையின் அடிப்பற்று மாதிரி அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. உப்பளக் காற்றில் நிற்கிற வண்டிக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வயர் பிரஷ் எட்டாத அந்த ஓரத்தைச் சின்ன உளியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். டிஸ்க்கின் உட்பக்கத்துக்கும் அதே கவனிப்பு. மாட்டி அளந்ததும் முள் 0.03-ல் நின்றது.

லேத்தில் சீவியதும் சரியாகி, பிறகு திரும்பத் திரும்ப வந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. லேத்தில் டிஸ்க் சீராகத்தான் வெட்டப்படுகிறது. துருப்பிடித்த ஹப்பில் அதை மாட்டியதும் சாய்ந்து உட்காருகிறது. ஹப்பில் கடுகளவுகூட இல்லாத அந்தச் சாய்வு, டிஸ்க்கின் ஓரத்துக்கு வரும்போது இன்னும் கூடிவிடும். பிரேக் போடாமல் ஓடும்போதும் அந்த இடம் சுற்றுக்கு ஒருமுறை பேடை உரசுகிறது. உரசி உரசி அங்கே மட்டும் தேய்கிறது. சாய்வு அன்றைக்கே கையில் தெரியாது, தேய்மானம்தான் தெரியும். அதற்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் இரண்டு மூன்று வித்தியாசம் வந்தாலே ஸ்டியரிங்கில் உணரலாம்.

ஏற்கெனவே தேய்ந்திருந்த டிஸ்க்குகளை மாற்றத்தான் வேண்டியிருந்தது. புதிதில் 22 மில்லிமீட்டர், 20-க்குக் கீழே போகக் கூடாது என்று அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கிறது. இருந்த அந்த 2 மில்லிமீட்டரையும் வீணாகச் சீவியே தீர்த்திருந்தார்கள். இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அளந்து பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்குமா?

அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து ஒரே மூச்சில் இறுக்கினால், ஒரு நட்டு அளவுக்கு மேலும் இன்னொன்று குறைவாகவும் இறுகி, துரு இல்லாத ஹப்பிலும் டிஸ்க் சாய்ந்துவிடும். அதனால் இப்போது டிக்கியில், அளவு பார்த்து இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்ச் கிடக்கிறது. யார் சக்கரம் மாட்டினாலும் கன்னை ஓரம் வைக்கச் சொல்லி, எதிரெதிர் நட்டாக இரண்டு சுற்றில், வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு நானே இறுக்குகிறேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

புது டிஸ்க் போட்டு நெடுந்தூரம் ஓட்டியாயிற்று. 100-லிருந்து பிரேக் போட்டாலும் இரண்டு விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த மாதிரி பிரேக் இந்த வண்டியில் முதலிலிருந்தே இருந்தது, எனக்குத்தான் கிடைக்கவில்லை.

சரி, வாங்கலாமா? என் தீர்ப்பு, வேண்டாம். எஞ்சின் தங்கம், வண்டி மேல் குற்றம் இல்லை என்று நானே எழுதியிருக்கிறேன், தெரிகிறது. நானும் இதை விற்கப் போவதில்லை. ஆனால் நாலு வழிச்சாலையில் பின் சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கைக்குள் உதறுகிற ஸ்டியரிங்கைப் பல தடவை பிடித்திருக்கிறேன். அந்த வண்டியை இன்னொருத்தருக்குச் சிபாரிசு செய்ய மனசு வரவில்லை. வாங்கியே தீருவேன் என்றால், பைபாஸில் 100 வரை போய் மெதுவாக பிரேக் போட்டுப் பாருங்கள். உதறினால், விற்கிறவர் "லேத்துல போட்டா சரியாயிடும்" என்பார். சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரில் நாலைந்து இடத்தில் அளந்து, இரண்டு டிஸ்க், ஒரு செட் பேட், கூலி எல்லாவற்றையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.