பத்தில் ஒன்றா, பெரிய ஆசையா, கடன் வாங்கிச் சொத்தா?

மதுரை தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழாவில் பணம் சேர்க்கும் வழி சொல்லும் புத்தகங்களை ஒரே மேஜையில் அடுக்கியிருப்பார்கள். எல்லாம் ஒரே பேச்சு என்று தோன்றும். பிரித்துப் படித்தால் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும். 1926-ல் ஜார்ஜ் கிளாசன் பாபிலோன் கதைகள் வழியாகச் சொன்னது, வருமானத்தில் பத்தில் ஒன்றை முதலில் எடுத்து வை என்பது. 1937-ல் நெப்போலியன் ஹில் சொன்னது, எவ்வளவு வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதி வைத்துக் காலையும் இரவும் உரக்கப் படி என்பது. 1997-ல் ராபர்ட் கியோசாகி வந்து, வருமானம் தருவதே சொத்து, அதைக் கடன் வாங்கியும் சேர்க்கலாம் என்றார்.

மதுரையில் சம்பாதிக்கிற ஒருவருக்கு இதில் எது உதவும்?

ஹில் சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்தத் தொகையும் தேதியும். 'நாலு காசு சேர்க்கணும்' என்பதற்கும் 'வரும் சித்திரைக்குள் 40,000 சேர்க்கணும்' என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைச் சொன்னவர் அடுத்த நிமிஷமே மாதம் எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். ஆனால் அவரது புத்தகத்தின் பெரும்பகுதி ஆசையின் சக்தியைப் பற்றியது. அங்கேதான் பயமாக இருக்கிறது. கிடைக்காவிட்டால் 'நீ சரியாக ஆசைப்படவில்லை' என்று பழி ஆசைப்பட்டவர் தலையில் விழும். கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு ஆள் சேர்க்கிறவர்களுக்கு இது ரொம்ப வசதியான பேச்சு. பணக்காரர்கள் எப்படி ஜெயித்தார்கள் என்று ஆராயும் வேலையை எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகியே தன்னிடம் ஒப்படைத்ததாக ஹில் எழுதினார். கார்னெகியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டேவிட் நாசா, இருவரும் சந்தித்ததற்கே ஆதாரம் கிடைக்கவில்லை என்கிறார்.

கியோசாகியின் யோசனையை இங்கே ஒரு சின்னக் கணக்கிலேயே சோதித்துவிடலாம். 50 லட்சத்துக்கு வீடு வாங்கி 13,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு மூன்று சதவீதம் சொச்சம் வரும். வீட்டுக் கடனுக்கு வட்டி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். மனையின் விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் மீதியை ஓட்ட வேண்டும். வருமானம் தராத பொருளைச் சொத்தென்று எண்ணி ஏமாறாதே என்ற எச்சரிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கிளாசனிடம்தான் நான் நிற்பேன், சில நிபந்தனைகளோடு. அவரது கதைகள் முதலில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த சிறு பிரசுரங்கள். கையில் ஒழுங்காகக் கூலி வருகிறவருக்கு அவை அப்படியே பொருந்தும். 15,000 சம்பளக்காரர் மாதம் 1,500 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டால், 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்தில் சுமார் 1,07,000 கையில் இருக்கும். இதில் சிக்கலே இல்லை.

சிக்கல் அன்றாடம் முதல் போட்டு அன்றாடம் எடுக்கிறவர்களுக்கு. மாட்டுத்தாவணியில் பூ எடுத்துத் தெருவில் விற்கும் ஓர் அக்காவிடம் இந்தப் பத்தில் ஒன்றைப் பற்றிப் பேசினேன். "எடுத்து வைக்கச் சொல்றீக, சரி. மல்லி கிலோ ரெண்டாயிரத்துக்குப் போற அன்னைக்குச் சரக்கெடுக்கவே எனக்குப் பத்தாதே தம்பி" என்றார். அவர் இடுப்புப் பையில் ஒரு தண்டல் அட்டை இருந்தது. நூறு கட்டம், கட்டிய நாளுக்கெல்லாம் ஒரு கிறுக்கல் கையெழுத்து. 10,000 கடன் என்று பேர், 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவதைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு வட்டி எண்பது சதவீதத்தைத் தொடும். கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அட்டை இன்னும் ஓடுகிறது.

எண்பது சதவீதம் வெளியே போகும்போது ஏழு சதவீதத்துக்குச் சேமிப்பது வீண் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தண்டலை முன்கூட்டிக் கட்டினால் பெரும்பாலும் சலுகை கிடையாது, வட்டியை முதலிலேயே பிடித்தாயிற்று. ஆகவே அட்டை ஓடும்போதே ஒதுக்குவதுதான் சரி. கிளாசனின் கடனாளிக் கதையிலும் இதே ஏற்பாடுதான்: பத்தில் ஒன்று தனக்கு, இரண்டு கடனுக்கு, ஏழு வீட்டுக்கு. இதில் நான் மாற்றச் சொல்வது ஒன்றுதான். அந்தப் பங்கை வங்கியில் போட்டு வளர்க்க வேண்டாம், கைமுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். தவணை போக நாளுக்கு 400 நிற்கிறவர் 40 ஒதுக்கினால் 225 நாளில் 9,000. அதற்குப் பிறகு அட்டை தேவையில்லை, நூறு நாளைக்கு ஆயிரம் மிச்சம். எந்த வங்கியும் இந்த லாபம் தராது.

அந்த 225 நாளுக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கொழுந்தியா வீட்டு விசேஷத்துக்குச் செய்முறை வரும். மன உறுதி இருந்தால் போதும் என்று எல்லாப் புத்தகங்களும் தனி ஆளைப் பார்த்தே பேசுகின்றன. மதுரைப் பக்கம் இதற்கு வேறு விடை கண்டிருக்கிறார்கள். களஞ்சியம் குழுக்களில் பெண்கள் சிறுகச் சிறுகப் போட்டு, அதிலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். பொதுவாக இப்படிப்பட்ட குழுக்களில் நூற்றுக்கு மாதம் ஒன்றிரண்டு ரூபாய்தான் வட்டி, அதுவும் குழுவுக்கே திரும்பி வரும். அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியில் கூலி வேலை பார்த்த சின்னப்பிள்ளை அம்மா இந்த இயக்கத்தில் வளர்ந்தவர். 2001-ல் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. பக்கத்து வீட்டுக்காரி பார்க்கிறாள் என்பதாலேயே பணம் கட்டப்படும். அவசரம் என்றால் சேமிப்பை உடைக்காமல் கடனும் கிடைக்கும்.

ஏலச்சீட்டிலும் இதே கட்டாயமும் வசதியும் உண்டு. ஆனால் நடத்துகிறவர் கம்பி நீட்டினால் எல்லாம் போச்சு. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்தாக வேண்டும், நடத்துகிறவர் கழிவு ஏழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தெரிந்தவர்தானே என்று சேர்வதற்கு முன், பதிவு எண்ணை வாங்கிச் சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.