மாரீல லெஃப்டா ரைட்டா? ஊட்னடாட்டா ட்ராக்கும் பேர்ட்ஸ்வில் ட்ராக்கும்

ஆஸ்திரேலியாவுல, அடிலெய்ட்லேர்ந்து வடக்கால ஏறக்குறைய 680 கி.மீ. போனா மாரீன்னு ஒரு குட்டி ஊரு வரும். அங்க ரோடு ரெண்டாப் பிரியுது. இடது பக்கம் திரும்புனா ஊட்னடாட்டா ட்ராக், மார்லா வரைக்கும் சுமார் 620 கி.மீ. வலது பக்கம் போனா பேர்ட்ஸ்வில் ட்ராக், குயின்ஸ்லாந்து எல்லையைத் தாண்டி பேர்ட்ஸ்வில் வரைக்கும் 517 கி.மீ. ரெண்டும் மண்ணும் ஜல்லியுமான ரோடுதான், ரெண்டும் பாலைவனத்துக்குள்ளதான் போகுது. தெரிஞ்சவங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி, ஒரு வார லீவு இருக்கு, சின்னப் பசங்க இருக்காங்க, எதுல போறது? நாங்க முதல் வருஷம் இடது பக்கமும் அடுத்த வருஷம் வலது பக்கமும் போனோம், அதனால தெரிஞ்சதை முழுசா எழுதிடுறேன்.

முதல்லயே சொல்லிடுறேன், வித்தியாசம் எல்லாமே தண்ணியிலதான் இருக்கு. ஊட்னடாட்டா ட்ராக்ல தண்ணி முதல்ல இருந்துச்சு, பாதை அதைத் தேடிப் போச்சு. பேர்ட்ஸ்வில் ட்ராக்ல பாதை முதல்ல வந்துச்சு, அதுக்கப்புறம்தான் அதுக்குத் தண்ணி கொண்டு வந்தாங்க. இது ஏதோ வரலாற்றுத் தகவல்னு நினைக்காதீங்க, நீங்க எங்க வண்டியை நிறுத்துவீங்க, பசங்க எங்க இறங்கி ஓடுவாங்க, எத்தனை லிட்டர் டீசல் எடுத்துட்டுப் போவீங்கன்றது வரைக்கும் எல்லாத்தையும் இதுதான் முடிவு பண்ணுது.

இடது பக்கத்தைப் பார்ப்போம். இந்த மண்ணுக்கு அடியில கிரேட் ஆர்ட்டீசியன் பேசின்னு ஒரு நிலத்தடி நீர்ப்பரப்பு இருக்கு, ஆஸ்திரேலியாவுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல பரவிக் கிடக்கு. கிழக்குப் பக்க மலையில பெஞ்ச மழை பாறைக்குள்ள இறங்கி லட்சக்கணக்கான வருஷம் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து, இந்த மேற்கு விளிம்புல அழுத்தம் தாங்காம தானா மேல வருது. இந்த ஊத்துங்க வரிசையா இருக்கு. இந்த மண்ணோட பூர்வகுடிகளான அரபனா மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமா இதை நம்பித்தான் இந்தப் பக்கம் நடந்தாங்க. 1862ல ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட்ன்ற ஆய்வுப் பயணி தெற்குலேர்ந்து வடக்குக் கடல் வரைக்கும் போய்ச் சேர்ந்தது இந்த ஊத்துங்களைப் பிடிச்சுட்டுதான். 1872ல முடிஞ்ச தந்தி லைனும் அதே வழி, அப்புறம் வந்த பழைய கான் ரயிலும் அதே வழி. நீராவி இன்ஜினுக்குத் தண்ணி வேணுமே, வேற எங்க போவான்? வெள்ளம் அடிக்கடி தண்டவாளத்தை அடிச்சுட்டுப் போனதால 1980ல அந்த லைனை மூடிட்டாங்க, இப்ப ரயில் இன்னும் மேற்கால போகுது.

அதனால என்னாகுதுன்னா, இந்த ட்ராக்ல மணிக்கணக்கா சும்மா ஓட்டிட்டே இருக்க வேண்டியதில்ல. மாரீயிலேர்ந்து 100 கி.மீ. தாண்டறதுக்குள்ள லேக் ஏர் சவுத் உப்பு ஏரி தெரியும், அங்க நீங்க கடல் மட்டத்துக்குக் கீழ நிக்குறீங்க (லேக் ஏருக்கு கட்டி தண்டான்னும் பேரு, அதோட ஆழமான இடம் கடல் மட்டத்துக்கு சுமார் 15 மீட்டர் கீழ, இந்த நாட்டுலயே தாழ்வான இடம் அதுதான்). அது அரபனா மக்களுக்குப் புனிதமான இடம், கரையில நின்னு பாருங்க, உப்பு மேல இறங்கி நடக்காதீங்க. கொஞ்ச தூரத்துல கர்டிமர்க்கான்ற பழைய ரயில் நிலையம், அதுக்கப்புறம் வப்மா கடர்பு பூங்கா, அங்கதான் பப்ளர், பிளாஞ்ச் கப்னு ரெண்டு ஊத்து.

பப்ளரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். சுத்தியும் உப்புப் பூத்த வெறும் தரை, நடுவுல ஒரு சின்ன மேடு, அது உச்சியில ஒரு குளம். மரப்பலகை மேடையில நின்னு எட்டிப் பார்த்தா முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் அடியில இருக்குற சாம்பல் நிற மணல் உப்பிக்கிட்டு வருது, சோத்துப்பானை கொதி வர்றப்ப மூடியைத் தூக்குமே அந்த மாதிரி, ஒரு பெரிய குமிழி வெடிக்குது, மணல் வட்டமா சுழன்று திரும்ப அடங்குது. கொஞ்ச நேரத்துல மறுபடியும். எங்க சின்னவன் அங்கேர்ந்து நகரவே மாட்டேன்னுட்டான். அடுத்தது எப்ப வரும்னு எண்ணிக்கிட்டே அரைமணி நேரம் குந்தியிருந்தான். அன்னிக்கு ராத்திரி கவர்ட் ஸ்பிரிங்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல, பழைய பேரீச்ச மரத்தடியில டென்ட் போட்டோம். அங்க ரயில் கட்டையால கட்டின தொட்டியில வெதுவெதுன்னு தண்ணி ஓடிட்டே இருக்கும், நாள் முழுக்க புழுதி குடிச்ச உடம்புக்கு அது பெரிய வரம்.

வலது பக்கத்தோட கதை வேற. பேர்ட்ஸ்வில் ட்ராக் மாடுங்களுக்காக உருவான பாதை. குயின்ஸ்லாந்துல சேனல் கன்ட்ரின்னு மேய்ச்சல் நிலம் இருக்கு, அங்கேர்ந்து மாட்டு மந்தைங்களை மாரீ ரயிலடிக்கு ஓட்டிட்டு வருவாங்க. வழியில நம்புறதுக்கு ஊத்து கிடையாது, அதனால அரசாங்கமே வழி நெடுக ஆழமா போர் போட்டுச்சு. நம்ம ஊருல போர் போட்டா மோட்டார் வைக்கணும், இங்க துளை போட்டா போதும், தண்ணி தானா பீச்சிக்கிட்டு வந்துச்சு, சில இடத்துல கை வைக்க முடியாத சூடு. மந்தை ஒரு போர்லேர்ந்து அடுத்த போருக்கு நடக்கும். இன்னிக்கும் ட்ராக்கோட லயம் அதுதான், ஒரு புள்ளியிலேர்ந்து அடுத்த புள்ளிக்கு, நடுவுல வெட்டவெளி.

அந்த வெட்டவெளி சும்மா இல்ல, அதையும் சொல்லணும். ஸ்டர்ட்ஸ் ஸ்டோனி டெசர்ட்ல இறங்கி நின்னா தொடுவானம் வரைக்கும் செங்கல் நிறத்துல கூழாங்கல்லு, பாலிஷ் போட்ட மாதிரி மினுங்கும். ஒரு மரம் இல்ல, ஒரு மேடு இல்ல. பூமி உருண்டைங்கிறதை அங்க கண்ணால பார்க்குற மாதிரி இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சுச்சு, வீட்ல அவங்களுக்கும் பிடிச்சுச்சு, ஆனா பின் சீட்ல இருந்த பசங்களுக்கு அது ரெண்டு மணி நேரம் ஒரே ஜன்னல். மங்கரானி ஹோட்டல் பக்கத்துல போர் தண்ணியால உண்டான ஈரநிலம், அதுல பறவைங்க, சுடுதண்ணிக் குளம்னு ஒரு இடம் இருக்கு, பசங்களுக்கு அந்த ட்ராக்லயே பிடிச்சது அது ஒண்ணுதான். பேர்ட்ஸ்வில் போய்ச் சேர்ந்தா 1884ல கட்டின ஹோட்டல், ஊருக்கு மேற்கால 35 கி.மீ. போனா பிக் ரெட்னு சிம்ப்சன் பாலைவனத்தோட பெரிய மணல்மேடு, சுமார் 40 மீட்டர் உயரம். பொழுது சாயுற நேரத்துல அதுல பசங்க உருண்டு இறங்கினதை மறக்க முடியாது. ஆக, இந்தப் பக்கம் மகிழ்ச்சி பெரும்பாலும் கடைசியிலதான் கிடைக்கும். இடது பக்கம் வழியெல்லாம் கிடைச்சுட்டே வரும்.

இப்ப டீசல் கணக்கு. ஊட்னடாட்டா ட்ராக்ல மாரீயிலேர்ந்து வில்லியம் கிரீக் சுமார் 200, அங்கேர்ந்து ஊட்னடாட்டா சுமார் 200, அங்கேர்ந்து மார்லா சுமார் 210. மூணு துண்டும் ஏறக்குறைய சமம், எல்லா ஊருலயும் டீசல் உண்டு. பேர்ட்ஸ்வில் ட்ராக்ல மங்கரானி வரைக்கும் 205, அதுக்கப்புறம் 310க்கு மேல ஒண்ணும் கிடையாது. எங்க வண்டி மண் ரோட்டுல நூறுக்கு 14 லிட்டர் குடிச்சுச்சு, டேங்க் தாங்கும்தான், ஆனாலும் 20 லிட்டர் ஜெரிகேன் ஒண்ணு கட்டிக்கிட்டோம். ஸ்ட்ரெலெக்கி ட்ராக்னு மூணாவது ஒண்ணும் இருக்கு, லிண்ட்ஹர்ஸ்ட்லேர்ந்து இன்னமின்கா வரைக்கும் 470 கி.மீ., நடுவுல டீசலே கிடையாது, பர்க், வில்ஸ்னு ரெண்டு பழைய ஆய்வுப் பயணிங்களோட கதையில ஆர்வம் இருக்குறவங்க அதுல போகலாம், ஆனா முதல் ட்ரிப்புக்கு நான் சொல்ல மாட்டேன்.

டயர் விஷயத்துல பேர்ட்ஸ்வில் ட்ராக் ரொம்பப் பொல்லாதது. மங்கரானி தாண்டி வடக்கால போறப்ப, காத்தை 28 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, 70லதான் போயிட்டிருந்தோம், அப்படியும் பின்பக்க இடது டயர்ல ஒரு கூர்க்கல்லு பக்கவாட்டுல கிழிச்சிடுச்சு. பங்சர் போடுற கிழிசல் இல்ல, நாலு விரல் நுழையுற அளவு. ஜாக்கி வச்சா தரைக்குள்ள இறங்குது, பலகை ஒண்ணு அடியில கொடுத்து, ஸ்டெப்னி மாத்தி முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. அந்த முக்கால் மணி நேரத்துல ஒரு வண்டி கூட வரல. மீதி தூரம் முழுக்க எங்கிட்ட ரெண்டாவது ஸ்டெப்னி இருக்குன்றது மட்டும்தான் தைரியம். ஊட்னடாட்டாவுலயும் கல்லு இருக்கு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாதிரி வரிவரியான ரோடும் நிறைய இருக்கு, பல்லு ஆடும், ரூஃப் ரேக் போல்ட்டை தினம் முறுக்கிப் பார்க்கணும், ஆனா டயர் தப்பிச்சுச்சு. ரெண்டு பக்கமுமே ரெண்டு ஸ்டெப்னி எடுத்துட்டுப் போங்க, இதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மழை பெஞ்சா என்ன பண்றதுன்றதை யாரும் யோசிக்கிறதில்ல, எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. ரெண்டு ட்ராக்கும் கொஞ்ச மழைக்கே களியாயிடும், அரசாங்கம் ரோட்டை மூடிடும், மூடின ரோட்டுல போனா அபராதம். ஊட்னடாட்டா ட்ராக்ல நடுவுல வெளியேற வழி இருக்கு, வில்லியம் கிரீக்லேர்ந்து கூபர் பீடிக்கு 166 கி.மீ., ஊட்னடாட்டாவுலேர்ந்தும் கூபர் பீடிக்கு ஒரு ரோடு, அங்க போயிட்டா தார் ரோடு. அங்க போய்ச் சேருற வழியும் மண் ரோடுதான், ஆனா மேகம் கட்டுறதைப் பார்த்ததும் கிளம்பிடலாம். பேர்ட்ஸ்வில் ட்ராக்ல பாதியில மாட்டினா முன்னாடி போகணும் இல்ல பின்னாடி போகணும், குடும்பத்தோட நம்பி இறங்குற மாதிரி வேற வழி கிடையாது. இன்னொண்ணு, அங்க மழையே பெய்யாட்டியும் நூத்துக்கணக்கான மைல் தள்ளி குயின்ஸ்லாந்துல பெஞ்ச தண்ணி வாரக்கணக்கா நகர்ந்து வந்து கூப்பர் கிரீக்ல ட்ராக்கை மூழ்கடிக்கும், அப்ப சுத்துப்பாதையில போய் சின்ன ஃபெர்ரியில வண்டியை ஏத்தித்தான் தாண்டணும். 2025ல அந்தப் பக்கம் வந்த பெரிய வெள்ளம் அப்படித்தான் இறங்கி லேக் ஏர் வரைக்கும் போச்சு.

போறதுக்கு ஏத்த காலம் மே முதல் செப்டம்பர் வரைக்கும். கோடையில வேண்டவே வேண்டாம். ஊட்னடாட்டாவுல 1960 ஜனவரி 2ல 50.7 டிகிரி பதிவாச்சு, இந்த நாட்டோட உச்சமே அதுதான், 2022ல மேற்கு ஆஸ்திரேலியாவுல ஆன்ஸ்லோன்ற ஊரு அதே அளவைத் தொட்டுச்சு. 1963 டிசம்பர்ல பேர்ட்ஸ்வில் ட்ராக்ல ஒரு குடும்பத்துல அஞ்சு பேரும் செத்துப் போனாங்க. பெட்ரோல் தீர்ந்து, காரை விட்டு இறங்கி தண்ணி தேடி நடந்திருக்காங்க. வண்டியை விட்டு நகராதீங்கன்னு எல்லா போர்டுலயும் எழுதியிருக்கிறதுக்குப் பின்னாடி இப்படி உயிருங்க இருக்கு. ஊர்களைத் தாண்டினா செல்போன் சிக்னல் எதிர்பார்க்காதீங்க, அதனால ரெண்டு பக்கத்துக்கும் பி.எல்.பி. (ஆபத்துல சாட்டிலைட் வழியா உதவி கேக்குற சின்னக் கருவி), வண்டிக்கு வண்டி பேசுற யு.எச்.எஃப். ரேடியோ, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் தண்ணி, இது நாங்க வச்ச கணக்கு.

டென்ட் பத்தி நிறைய பேர் கேட்டாங்க. வண்டிக் கூரை மேலயே விரிக்கிற ரூஃப்டாப் டென்ட் ஊட்னடாட்டாவுக்கு சரி, தினம் ஒரு இடம், அஞ்சு நிமிஷத்துல விரிச்சிடலாம். பேர்ட்ஸ்வில்ல ரெண்டு மூணு ராத்திரி ஒரே இடத்துல இருப்பீங்க, பிக் ரெட் போகணும்னா டென்டை மடிக்கணும், அது தொல்லை. அங்க தரை டென்டும் ஸ்வாக்கும் (சுருட்டி எடுத்துட்டுப் போற கேன்வாஸ் படுக்கை) மேல். ராத்திரி குளிர் ஜீரோ பக்கம் போகும், நல்ல ஸ்லீப்பிங் பேக் எடுத்துக்கோங்க.

ஆக, என் கணக்குல முதல் தடவை போறவங்க, குழந்தைங்க இருக்குறவங்க, ஒரு வண்டியா தனியாப் போறவங்க இடது பக்கம் திரும்புங்க. ஓட்டுறதுலயே சுகம் காணுறவங்க, ரெண்டு வண்டியா சேர்ந்து போறவங்க, அந்த வெட்டவெளியைத் தேடிப் போறவங்க வலது பக்கம். 1936லேர்ந்து டாம் குரூஸ்னு ஒருத்தர் (நடிகர் இல்ல, இவர் வேற) பேர்ட்ஸ்வில் ட்ராக்ல தபால் லாரி ஓட்டினாரு, மணல்ல தகரத்தைப் போட்டுப் போட்டு லாரியை நகர்த்திப் பண்ணைப் பண்ணையா தபாலும் சாமானும் கொண்டு போய்க் கொடுத்தவரு. அவர் போன வழியில நம்மளும் போறோம்ன்ற நினைப்பே பேர்ட்ஸ்வில்லுக்குப் போக எனக்குப் போதுமான காரணமா இருந்துச்சு.

இந்த ஜூலையில அப்பாவும் அம்மாவும் பெரம்பலூர்லேர்ந்து வர்றாங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால டென்ட் கிடையாது, வில்லியம் கிரீக்லயும் ஊட்னடாட்டாவுலயும் ரூம் பார்த்துட்டு இடது பக்கம்தான் போறோம். அப்பா விவசாயி, எங்க வயல்ல 800 அடி போட்டும் காத்துதான் வந்துச்சு. போன்ல நான் இந்த போர் கதையைச் சொல்லி, நூறு வருஷத்துக்கு மேல சும்மா திறந்து கிடந்து தண்ணி ஓடுச்சுன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "ஏம்பா, இப்பவாவது வால்வு போட்டாங்களா?"ன்னாரு. நிறைய இடத்துல போட்டுட்டாங்கப்பா, அழுத்தம் குறைஞ்சு ஊத்தெல்லாம் வத்திடும்னு பயந்து குழாயும் மாட்டிட்டாங்கன்னு சொன்னேன். "அப்ப அந்தக் கொதிக்கிற ஊத்தை மட்டும் எனக்குக் காட்டு, மத்ததெல்லாம் பிள்ளைங்க பார்க்கட்டும்"னாரு.