பழைய பாய்லர், புதிய தரை: எந்தக் கண்ட்ரோல் போடலாம்?

வீட்டின் பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் கட்டிச் சமையலறையைப் பெரிதாக்கும்போது, ரேடியேட்டருக்குப் பதில் தரைக்கு அடியில் பைப் போட்டுச் சூடாக்குவது இங்கிலாந்தில் இப்போது சகஜம். நாங்களும் அதைத்தான் செய்தோம். டைல்ஸ் தேர்ந்தெடுக்க மூன்று வார இறுதிகள் போயின. கண்ட்ரோல் பற்றிக் கேட்டபோது மட்டும் "நல்ல ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டாகப் போட்டுவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். தெர்மோஸ்டாட் பார்ப்பது அறையின் சூட்டை. தரைக்குள் ஓடும் தண்ணீர் எத்தனை டிகிரியில் போகிறது என்பது அதன் வேலையே இல்லை. அதற்குத் தனிச் சாமான் வேண்டும். அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பழைய ரேடியேட்டர்களுக்கு பாய்லர் 65, 70 டிகிரியில் தண்ணீர் அனுப்பும். ஸ்க்ரீட் தரைக்கு, அதாவது பைப்பை மூடிச் சிமெண்ட் கலவை போட்ட தரைக்கு, 35 முதல் 45 போதும். ஆட்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி. மரத் தரை என்றால் பொதுவாக 27. ஒரே பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்கு ஒரு சூடு, தரைக்கு ஒரு சூடு என்று தண்ணீர் எடுப்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

மிகவும் மலிவானது ஆர்.டி.எல். (ரிட்டர்ன் டெம்பரேச்சர் லிமிட்டர்) வால்வ். தரையைச் சுற்றிவிட்டுத் திரும்பும் தண்ணீர் குறித்த சூட்டைத் தாண்டினால் மூடிக்கொள்ளும், ஆறியதும் திறக்கும். பம்ப் வேண்டாம், வயரும் வேண்டாம். ஆனால் உள்ளே நுழைவது ரேடியேட்டருக்குப் போகும் அதே கொதி தண்ணீர்தான். வால்வ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, அவ்வளவுதான். தடித்த ஸ்க்ரீட் அதைத் தாங்கிச் சமன் செய்துவிடும். பழைய தரைமேல் ஒட்டும் மெல்லிய பலகை வகைக்கு இது ஒத்துவராது. சுமார் பத்துச் சதுர மீட்டர் உள்ள குளியலறைக்கு இதையே போடுவேன். சமையலறைக்குப் போட மாட்டேன்.

அடுத்தது பம்போடு வரும் மிக்ஸிங் வால்வ். சமையலறைக்கு என் ஓட்டு இதற்குத்தான். தரையிலிருந்து ஆறித் திரும்பும் தண்ணீரையே எடுத்து, பாய்லரின் சூடான தண்ணீரைக் கொஞ்சம் கலந்து மறுபடி உள்ளே அனுப்பும். பாய்லர் தண்ணீர் 70, திரும்புவது 35, நமக்கு வேண்டியது 42 என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் சூடான தண்ணீர். வால்வ் என்றாவது சிக்கிக்கொண்டால் 70 டிகிரி தண்ணீர் நேராகத் தரைக்குள் போய்விடும் என்பதால், பம்பை நிறுத்தும் ஹை லிமிட் தெர்மோஸ்டாட் அந்த செட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 55க்கு மேல் போனால் ஸ்க்ரீடுக்கு ஆகாது.

மூன்றாவது வெதர் காம்பன்சேஷன். வெளிச் சுவரில் ஒரு சென்சார். குளிர் ஏற ஏறத் தண்ணீரின் சூட்டையும் ஏற்றும். கேட்க அழகாக இருக்கிறது. ஒரே ஒரு அறைக்காக மோட்டார் வைத்த வால்வோடு இதைப் போடுவது எனக்கு ஆடம்பரமாகப் படுகிறது. வீடு முழுக்க சிஸ்டத்தை மாற்றுபவர் கதை வேறு. 2022 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் புதிதாகவோ முழுதாக மாற்றியோ போடும் சிஸ்டம், முடிந்தவரை 55 டிகிரிக்குள் ஓடும்படி இருக்க வேண்டும். அவர்கள் பாய்லரிலேயே காம்பன்சேஷன் வைத்துவிடலாம். பாய்லருக்குப் பதில், வெளியிலிருந்து சூட்டை எடுத்துக் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் அனுப்பும் ஹீட் பம்புக்குப் போகிறவர்களுக்கு மிக்ஸிங் வால்வே தேவைப்படாமல் போகலாம்.

சரி, இனி சுவரில் மாட்டுவது. எங்களுக்கு முதல் குளிர்காலத்தில் நடந்தது இது: பழைய தெர்மோஸ்டாட் ஹாலில் இருந்தது. ஹால் 20 டிகிரியைத் தொட்டதும் அது பாய்லரை அணைத்துவிடும். சமையலறையில் புதிய தெர்மோஸ்டாட் "சூடு வேண்டும்" என்று காட்டிக்கொண்டே இருக்கும், பம்பும் சுற்றும், தரையில் ஓடுவது என்னவோ பச்சைத் தண்ணீர். புதிய பகுதியைத் தனியாகப் போட்டு அணைக்கும் ஸோனாகப் பிரித்து, அதற்கென்று மோட்டாரில் திறந்து மூடும் டூ-போர்ட் வால்வ் வைத்து, அது திறந்தால் பாய்லரும் எழும்படி, எல்லா வயரும் சேரும் பெட்டியான வயரிங் சென்டரில் இணைத்த பிறகுதான் சரியானது. டைல்ஸ் ஒட்டிய பிறகு வயர் இழுப்பது நரகம்.

ஆனால் தனி ஸோனுக்கும் ஒரு குறை உண்டு. 20 சதுர மீட்டர் தரை, சதுர மீட்டருக்கு 70 வாட் என்றால் வெறும் 1.4 கிலோவாட். ஹீட்டிங்கையும் குழாய்ச் சுடுநீரையும் ஒன்றே தரும் காம்பி பாய்லர்கள் பலவற்றால் அவ்வளவு கீழே இறங்க முடியாது; எரிந்து, அணைந்து, மறுபடி எரியும். அதனால் தரையின் நேரத்தை ரேடியேட்டர் நேரத்தோடு முடிந்தவரை சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஸ்மார்ட்டா, சாதாவா? நீங்கள் தெருமுனைக்கு வந்ததும் போன் சொல்லி ஹீட்டிங்கைப் போடும் வித்தை ஸ்க்ரீடிடம் பலிக்காது. அது சூடேற இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். இரவில் முழுக்க அணைக்காமல் மூன்று டிகிரி மட்டும் இறக்கினால் போதும். அதை நேரம் செட் செய்யும் சாதா தெர்மோஸ்டாட்டே செய்யும். வயர்லெஸ்ஸா வயரா என்பதில், சுவர் திறந்திருக்கும்போது வயர்தான்.

காசு கூடக் கொடுக்க ஒரு காரணம் உண்டென்றால், அது தரைச் சென்சார். மரத் தரைக்குக் கட்டாயம், டைல்ஸுக்கும் நல்லது. அதை இரண்டு பைப்புக்கு நடுவில், ஒரு சின்னக் குழாய்க்குள் விட வேண்டும். கெட்டால் உருவி வேறு மாற்றலாம். எங்களுக்குப் பதித்தவர் குழாய் இல்லாமல் ஸ்க்ரீடிலேயே புதைத்துவிட்டார். இரண்டாவது குளிர்காலத்தில் அது செத்தது. ஆசையாக வாங்கிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் இப்போது காற்றின் சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, திரையின் மூலையில் ஒரு எரர் கோடோடு சுவரில் இருக்கிறது.