டீசல் காரில் டூயல் மாஸா, சாலிடா? இரண்டு ஃபிளைவீல்களையும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினும் ஆறு கியர் மேனுவல் கியர்பாக்ஸும் கொண்ட செடான். எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் இடையில் சுழன்று, எஞ்சினின் சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரம்தான் ஃபிளைவீல்; ஒரே துண்டாக இருந்தால் சாலிட், இரு பகுதிகளாகப் பிரிந்து நடுவே ஸ்பிரிங்குகள் இருந்தால் டூயல் மாஸ். 1,14,000 கிலோமீட்டரில் எங்கள் காரின் டூயல் மாஸ் ஃபிளைவீல் பழுதானபோது, விலைக்கு அஞ்சி அந்த இடத்தில் சாலிட் ஃபிளைவீல் தொகுப்பைப் பொருத்தினேன். 22,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மீண்டும் டூயல் மாஸுக்கே திரும்பினேன். ஒரே காரில், அதே சாலைகளில் இரண்டையும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு பலருக்கும் அமைவதில்லை என்பதால், இதே முடிவை எடுக்கவேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் அறிகுறி எஞ்சினை அணைக்கும்போது வந்தது. எஞ்சின் முழுதாக நிற்பதற்குச் சற்று முன், தகர டப்பாவுக்குள் நட்டுகளைப் போட்டுக் குலுக்கியதைப் போல ஒரு சத்தம். சில வாரங்களில் அதே சத்தம் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் கேட்டது. பிறகு கிளட்ச் பெடலில், உள்ளங்காலுக்கு அடியில், மெல்லிய நடுக்கம் தெரியத் தொடங்கியது. கோயம்புத்தூரில் நான் வழக்கமாகச் செல்லும் பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி, ஃபிளைவீலைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். மெக்கானிக் அதன் இரு பகுதிகளுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, கிளட்ச் பக்கத்துத் தட்டைக் கையால் திருப்பினார். நல்ல நிலையிலுள்ள ஃபிளைவீலாக இருந்தால், சிறிது திரும்பியதுமே உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் கையை எதிர்க்கும். இதில் அந்த எதிர்ப்பே இல்லாமல் கோடு இரண்டு விரல் அகலத்துக்கு விலகிச் சென்று, இரும்பில் இரும்பு மோதி நின்றது. விளிம்போரம் கசிந்த கிரீஸ், வெந்து கருகிய மாவைப் போல உலர்ந்து ஒட்டியிருந்தது. இரு பகுதிகளுக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட தளர்வான அசைவும் சாய்வும் ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும் என்பதால், கையால் ஆட்டிப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், தயாரிப்பாளர் தந்துள்ள அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

டூயல் மாஸ் ஃபிளைவீலை 1985-இல் வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் லுக் நிறுவனம். அதன் தேவை எளிதில் விளங்கக்கூடியது. நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்களால் சுழற்றப்படும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு முறை எரிப்பு நடக்கிறது. வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்றில் (ஆர்பிஎம்), நொடிக்கு ஏறத்தாழ 27 அடிகள். டீசலில் அழுத்த விகிதம் அதிகம் என்பதால் ஒவ்வோர் அடியும் கடுமையானது; கிராங்க் ஷாஃப்ட் சீராகச் சுழல்வதாகத் தோன்றினாலும் ஒவ்வோர் அடிக்கும் வேகம் கூடிக் குறைந்துகொண்டேதான் இருக்கிறது. சாலிட் ஃபிளைவீலில் எடை முழுவதும் எஞ்சின் பக்கம் இருக்கிறது; அதிர்வைத் தணிக்கும் வேலை கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள குட்டை ஸ்பிரிங்குகளுடையது. டூயல் மாஸில் எடையின் ஒரு பகுதி பிரிக்கப்பட்டு கியர்பாக்ஸ் பக்கம் வைக்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையில், கிரீஸில் மூழ்கிய நீண்ட வில் போன்ற ஸ்பிரிங்குகள் விளிம்பை ஒட்டி வளைந்து கிடக்கின்றன. இப்படிப் பிரித்ததால், அதிர்வு பெருகும் ஒத்ததிர்வு வேகம் ஐடிலிங்குக்கும் கீழே தள்ளப்படுகிறது. அதாவது, காரை ஓட்டும் வேகங்களில் அது குறுக்கிடுவதே இல்லை. ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் மட்டும் நொடிப்பொழுது அதைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. பழுதான ஃபிளைவீல் அந்த இரண்டு தருணங்களில் முதலில் சத்தமிடுவதற்குக் காரணமும் இதுதான்.

டூயல் மாஸ், புதிய கிளட்ச், கூலி எல்லாம் சேர்த்து எனக்குச் சொல்லப்பட்ட தொகை 92,000 ரூபாய். சாலிட் தொகுப்பு, அதாவது ஃபிளைவீல், கிளட்ச் பிளேட்டை அதோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், அதற்கென்றே செய்யப்பட்ட கிளட்ச் பிளேட், பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஆகியவை கூலியோடு 46,000 ரூபாய். சரிபாதி. பொருத்திய அன்று எனக்கு முழு மனநிறைவு. ஸ்டார்ட்டிலும் அணைப்பிலும் இருந்த சத்தம் அடியோடு மறைந்திருந்தது. பெடல் நடுக்கமும் இல்லை.

மறுநாள் சிக்னலில், நியூட்ரலில், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்து நின்றபோதுதான் கியர்பாக்ஸுக்குள் கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. கிளட்ச்சை மிதித்தால் அறுத்துவிட்டது போல நின்றது; விட்டால் திரும்ப வந்தது. அது கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம். நான்காம் கியரில் 1,400 முதல் 1,800 ஆர்பிஎம்முக்குள் சற்று அழுத்தினால் தரையிலிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியபோது பெரும்பாலான நேரம் அந்த வேகத்திலேயே செல்ல வேண்டியிருந்ததால், பின்னிருக்கையில் இருந்த அம்மா இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னார். அந்தப் பயணத்தில்தான் எனக்கு இது உறைத்தது: ஃபிளைவீல் விழுங்கிவந்த அதிர்வு எங்கும் போய்விடவில்லை; அதைத் தாங்கும் பொறுப்பு கியர்பாக்ஸின் தலையில் விழுந்திருக்கிறது. அந்தக் கியர்பாக்ஸோ, இந்த அடிகள் தன்னை வந்தடையா என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது.

சாலிட் ஃபிளைவீலின் நிறைகளையும் சொல்வதே நியாயம். அதில் தேயும் ஸ்பிரிங்கோ உலரும் கிரீஸோ கிடையாது. கிளட்ச் சூடாவதை அது நன்றாகத் தாங்கும். முகம் தேய்ந்தால் பெரும்பாலும் கடைசல் பிடித்து மீண்டும் பயன்படுத்தலாம். அடுத்த முறை கிளட்ச் மாற்றும்போது செலவு வெகுவாகக் குறையும். ஆலையிலிருந்தே சாலிட் ஃபிளைவீலோடு வந்த கார் என்றால், அதன் கியர்பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும் அதற்கேற்றவையாகவே இருக்கும். அதில் எந்தக் குறையும் காண வேண்டியதில்லை. மாற்றுத் தொகுப்பின் சிக்கல் வேறு. வில் ஸ்பிரிங்குகள் பல பாகை சுருங்கி விரிந்து செய்துவந்த வேலையை, கிளட்ச் பிளேட்டின் சிறிய விட்டத்துக்குள் அடங்கிய ஸ்பிரிங்குகள் செய்ய வேண்டியிருக்கிறது. 22,000 கிலோமீட்டருக்குப் பிறகு என் காரில் அதைக் கழற்றியபோது, அவற்றில் ஒன்று தன் குழிக்குள் தளர்ந்து, விரலால் தள்ளினால் ஆடும் நிலையில் இருந்தது. மீண்டும் டூயல் மாஸ் பொருத்த 97,000 ரூபாய் ஆனது. முதலிலேயே பொருத்தியிருந்தால் அந்த 46,000 ரூபாயும் கையில் இருந்திருக்கும்.

காரை இன்னும் நான்கைந்து ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுபவர்களுக்கும், குடும்பத்தோடு பயணிப்பவர்களுக்கும் என் பரிந்துரை டூயல் மாஸ்தான். ஆனால் பழையது எதனால் போனது என்பதைக் கண்டறியாமல் புதியதைப் பொருத்தாதீர்கள். என் காரில் ஓர் இன்ஜெக்டர் மற்றவற்றைவிடக் குறைவாக டீசல் செலுத்திக்கொண்டிருந்தது ஸ்கேனரில் தெரிந்தது. சிலிண்டர்கள் சமமாக எரியாவிட்டால் அந்த ஏற்றத்தாழ்வு முழுவதும் வில் ஸ்பிரிங்குகளின் மேல்தான் விழும். பேட்டரியும் பலவீனமாக இருந்தது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் அந்த ஒத்ததிர்வு வேகத்திலேயே எஞ்சின் நெடுநேரம் தங்கிவிடும். இரண்டையும் சரிசெய்த பிறகே புதிய ஃபிளைவீலை வாங்கினேன். மைலேஜுக்காக ஆறாம் கியரில் 1,200 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். இப்போது ஒரு கியர் குறைத்த பிறகே வேகம் எடுக்கிறேன்.

பட்டறையில் வலியுறுத்த வேண்டியது இன்னொன்றும் உண்டு. கிராங்க் ஷாஃப்டில் ஃபிளைவீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பல கார்களில் ஒருமுறை இறுக்கினால் நீள்பவை. பழையவற்றையே திரும்பப் போடக்கூடாது. புதிய போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், குறிப்பிட்ட அளவுக்கும் அதன்பின் குறிப்பிட்ட கோணத்துக்கும் இறுக்குவதை அருகில் நின்று பாருங்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும், அதனோடு சேர்ந்த ஹைட்ராலிக் சிலிண்டரையும் மாற்றிவிடுங்கள். பின்னர் அந்தச் சிலிண்டர் மட்டும் கசிந்தாலும் கியர்பாக்ஸை மீண்டும் இறக்கியே ஆக வேண்டும்.